தத்தெடுக்கப் போகிறீர்களா? மடம், சர்ச், மதரசா வழியாகப் போகாமல் சட்டப்படி போக ஒரு வழிகாட்டி

தத்தெடுக்கலாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்ததும் நாங்கள் முதலில் போய் நின்ற இடம் ஒரு ஜெப வீடு. தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் போனோம். பெண் குழந்தை, பிறந்து 11 நாள் என்றார்கள். 2 லட்சம் காணிக்கை, நோட்டரி கையெழுத்துடன் ஒரு பத்திரம், அப்புறம் குழந்தைக்கு அங்கேயே ஞானஸ்நானம். நாங்கள் தயங்கித் திரும்பிய அடுத்த மாதம் என் பெரியம்மா ஒரு மடத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே எங்கள் இருவர் ஜாதகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் நட்சத்திரத்துக்குப் பொருந்துகிற பிள்ளை வந்தால் சொல்கிறோம் என்றார்கள். இப்படியே 8 மாதம் போனது. இரண்டு இடத்திலும் எல்லோரும் கனிவாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்தக் குழந்தையைப் பெற்றவள் யார், அவள் சம்மதித்தாளா என்று நான் கேட்டபோது இரண்டு இடத்திலும் கிடைத்த பதில் ஒன்றே: "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?"

அவள் சம்மதித்துத்தான் கொடுத்தாள் என்ற உறுதிதான் எனக்கு வேண்டியிருந்தது. உங்களுக்கும் அதுதான் வேண்டும். கீழே இருப்பது நாங்கள் கடைசியில் போன வழி. மதம் எந்தெந்த இடத்தில் நுழையும், அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதையும் கூடவே சொல்கிறேன்.

1. எந்தச் சட்டம் உங்களுக்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் மட்டும் இதில் வருவார்கள். அண்ணன் குழந்தை, சித்தி பேத்தி என்று சொந்தத்துக்குள் எடுப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் பத்திரம் பதிகிறார்கள். இன்னொன்று, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். இதன் 58-ஆம் பிரிவு, இந்தியாவில் வசிக்கும் இந்தியர் யாரும் மத வேறுபாடில்லாமல் விண்ணப்பிக்கலாம் என்று சொல்கிறது. இல்லத்தில் இருக்கும் குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, பெற்றவர்கள் ஒப்படைத்த குழந்தை என்றால் இந்த வழியில் போங்கள்.

கிறித்தவர், முஸ்லிம் வாசகர்கள் கவனிக்க: இதற்கு முன்பிருந்த 2000-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இந்தக் கதவைத் திறக்கும்வரை உங்களுக்கு 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் ஆகும் உரிமை மட்டும்தான் இருந்தது, பெற்றோர் ஆக முடியாது. 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த மதத்தவரும் இந்தப் பொதுச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம், தனிச்சட்டம் அதைத் தடுக்காது என்று தெளிவாக்கியது. தத்தெடுத்தே ஆக வேண்டும் என்று யாரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. மார்க்கப்படி வளர்ப்பு மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் அப்படியே இருக்கலாம். தத்தெடுத்தால் குழந்தை சட்டப்படி உங்கள் வாரிசு. மார்க்கப்படி வாரிசுரிமை வராது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், உயிரோடு இருக்கும்போதே ஹிபா, அதாவது சொத்தைக் கொடையாக எழுதிக் கொடுப்பது பற்றி ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில இல்லங்கள், நீங்கள் இந்துதானே, 1956 சட்டப்படி பத்திரம் போட்டுத் தருகிறோம் என்பார்கள். அந்தச் சட்டத்தில் குழந்தையைக் கொடுக்கும் உரிமை பெற்ற தாய் தகப்பனுக்குத்தான். பெற்றோர் இல்லாதபோது பாதுகாவலர் கொடுக்கலாம், ஆனால் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். இல்லத் தலைவரோ, மடாதிபதியோ, பாஸ்டரோ கையெழுத்துப் போட்ட தாள் செல்லாது. இதற்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் அதே சட்டம் தடை செய்கிறது.

நம் ஊரில் தோஷம் கழிய பிள்ளையைச் சாமிக்குத் தத்துக் கொடுத்து, தவிட்டுக்கு வாங்கும் வழக்கம் உண்டு. அதே பழக்கத்தில், கோயிலில் மாலை மாற்றினால் தத்தெடுத்ததாகிவிடும் என்று நம்புகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆகாது.

2. இல்லத்துக்குப் போகும் முன் மூன்று கேள்விகள்

மத அமைப்புகள் நடத்தும் இல்லங்கள் எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. என் மகள் வளர்ந்ததே கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில்தான். அவர்கள் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார்கள், இன்றும் அவர்கள்மேல் எனக்கு நன்றி உண்டு. அதனால் நடத்துகிறவர் யார் என்பதைவிட இந்த மூன்றையும் கேளுங்கள்:

இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற இல்லமா? குழந்தைகள் தங்கும் எந்த இல்லமும் பதிவு செய்தாக வேண்டும், அதை நடத்துவது மடமோ மறைமாவட்டமோ ஜமாத்தோ, யாராக இருந்தாலும்.

சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனமாக அங்கீகாரம் இருக்கிறதா? பதிவு வேறு, இது வேறு. பதிவு இருக்கிறது என்று பிரேம் போட்ட சான்றிதழைச் சுவரில் காட்டுவார்கள், அதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு (இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டத்தில் அமைக்கும் குழு) அறிவித்திருக்கிறதா? அறிவிக்காத குழந்தையை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது.

இந்த மூன்றையும் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுச் சரிபார்க்கலாம். பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ பக்கத்திலோ இருக்கும். எனக்கு அங்கே அரை மணி நேரம்தான் ஆனது. அந்த அரை மணி நேரத்தை முதல் வாரமே செலவழித்திருந்தால் 8 மாதம் மிச்சம்.

3. தாயின் 60 நாள்

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். மணமாகாத தாய்மார் தங்கும் இல்லங்களை மத அமைப்புகள் பல காலமாக நடத்துகின்றன. போக்கிடம் இல்லாத பெண்ணுக்கு அது பெரிய ஆதரவு. ஆனால் சாப்பாடு, தங்குமிடம், பிரசவச் செலவு எல்லாம் கொடுப்பவரே, "இது பாவத்தில் பிறந்தது, நல்ல குடும்பத்துக்குக் கொடுத்துவிடு" என்றால் அவள் சொல்லும் சரி உண்மையில் சரியா? அதற்காகத்தான் சட்டம் ஓர் இடைவெளி வைத்திருக்கிறது. பெற்றவர் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்க வேண்டும், குழு அவருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும், அதன்பிறகு மனம் மாற 2 மாதம் அவகாசம் உண்டு. அந்த 2 மாதத்துக்குள் அவள் திரும்பி வந்தால் குழந்தை அவளுடையது.

11 நாள் குழந்தையை எங்களுக்குத் தர முன்வந்தார்களே, அந்தத் தாய்க்கு இன்னும் குறைந்தது 49 நாள் பாக்கி இருந்திருக்க வேண்டும். குழுவின் முன் போகவே இல்லை என்றால் அவளுக்கு அந்தக் கணக்கு தொடங்கவே இல்லை. அவசரமாக வருகிற பச்சைக் குழந்தை என்றாலே சந்தேகப்படுங்கள்.

கைவிடப்பட்ட குழந்தை என்றால் பெற்றோரைத் தேட வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 2 மாதம், அதற்கு மேல் 4 மாதம் அதற்காக ஒதுக்கியிருக்கிறது. கோயில் வாசலிலோ சர்ச் படியிலோ குழந்தையை யாராவது கண்டெடுத்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். 1098 அழைத்தால் போதும். சாமி கொடுத்த பிள்ளை என்று அப்படியே வைத்துக்கொள்வது குற்றம். பிள்ளையைக் கொடுத்துவிட நினைக்கும் தாயை உங்களுக்குத் தெரியும் என்றால் அவளையும் அதே வழியில் அனுப்புங்கள். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. அவள் எந்த மதம் என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை.

4. ஆவணங்கள்

காரா என்று எல்லோரும் சொல்லும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். இடைத்தரகர் தேவையில்லை. முன்கூட்டியே ஸ்கேன் செய்து வையுங்கள்: குடும்பப் புகைப்படம், பான் அட்டை, பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, கடந்த ஆண்டு வருமானச் சான்று, திருமணச் சான்று, மருத்துவரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்று. விவாகரத்தானவர் தீர்ப்பு நகலும், துணையை இழந்தவர் இறப்புச் சான்றும் சேர்க்க வேண்டும்.

எங்களுக்குத் தாமதமானது திருமணச் சான்றில். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, ரசீது மட்டும்தான் இருந்தது. சர்ச் திருமணம், நிக்காஹ் ஆனவர்களில் பலரும் அந்தச் சான்றோடு நின்றிருப்பார்கள். பதிவாளர் அலுவலகச் சான்று இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள், இல்லாவிட்டால் மற்ற எல்லாம் தயாராக இருந்தும் இதற்காக நிற்பீர்கள்.

தம்பதி என்றால் திருமணமாகி குறைந்தது 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இருவர் வயதும் கூட்டி 85-க்குள் இருந்தால்தான் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தை. 2 முதல் 4 வரை 90, 4 முதல் 8 வரை 100, அதற்கு மேல் 110. தனியாக இருப்பவருக்கு முறையே 40, 45, 50, 55. தனியாக இருக்கும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

தனியாக இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஏதாவது இல்லத்தில், கல்யாணம் ஆகாதவருக்குக் கொடுப்பது எங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று சொன்னால் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். 2015-இல் புதிய விதிகள் வந்தபோது அன்னை தெரசா தொடங்கிய மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி இதே காரணத்தைச் சொல்லித் தத்தெடுப்புப் பணியிலிருந்தே விலகிக்கொண்டது. அந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் வெளிப்படையாகச் சொல்லி விலகியது நேர்மை என்றே நினைக்கிறேன். அங்கீகாரத்தையும் வைத்துக்கொண்டு, வாசலுக்கு வருபவரை மதம் பார்த்து, கல்யாணம் பார்த்துத் திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. வரிசையை இப்போது கணினிதான் தீர்மானிக்கிறது.

5. விருப்பம் நிரப்பும்போது

ஆணா பெண்ணா, வயது, உடல்நிலை, எந்த மாநிலம் என்று கேட்கும். சாதி, மதம், நட்சத்திரம் சொல்ல இடம் கிடையாது. எங்கள் வீட்டில் இதற்காகவே ஒரு சண்டை நடந்தது. பிறந்த நேரமே தெரியாத குழந்தைக்கு நாளை எப்படிப் பொருத்தம் பார்ப்பது என்றார் மாமியார். அதே காரணத்துக்காகத்தான் பலர் மடத்துக்கும் தெரிந்த ஃபாதரிடமும் ஓடுகிறார்கள்: "நம்ம ஆளுங்க பிள்ளையா" கிடைக்கும் என்று. அந்த எண்ணம் உங்களுக்குள் துளி இருந்தாலும் பதிவு செய்யும் முன் இருவரும் உட்கார்ந்து பேசித் தீருங்கள். பிறகு அந்தச் சுமை குழந்தைமேல்தான் இறங்கும்.

6. வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்

சமூகப் பணியாளர் ஒருவர் வந்து வீட்டாய்வு அறிக்கை எழுதுவார். ஆவணங்கள் கொடுத்த 60 நாளில் முடிய வேண்டும், 3 ஆண்டு செல்லும். வீட்டில் யார் யார், சம்பளம், ஏன் தத்தெடுக்கிறீர்கள் என்பதெல்லாம் வரும். எங்களிடம், குழந்தை வேறு மத வழக்கத்தில் வளர்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். யோசித்ததில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் அதைத் தவறாக எடுக்கவில்லை, யோசியுங்கள் என்றுதான் சொன்னார். பூஜையறையை மறைத்து வைப்பது, இல்லாத பக்தியைக் காட்டுவது இரண்டுமே வேண்டாம்.

7. காத்திருப்பு, அந்த நேரத்தில் வரும் தொலைபேசிகள்

2 வயதுக்கு உட்பட்ட, நல்ல உடல்நிலையுள்ள குழந்தை என்றால் 3 ஆண்டுக்கு மேலும் ஆகலாம். நாங்கள் இடையில் விருப்பத்தை 4 முதல் 6 வயது என்று மாற்றினோம், காலம் குறைந்தது. காத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசியுங்கள்; பெரிய குழந்தைகளைக் கேட்பவர் குறைவு.

ஆபத்து இந்தக் காலத்தில்தான். ஏங்கிப் போயிருப்போம் என்று ஊருக்கே தெரியும். எங்கள் ட்ரஸ்டில் ஒரு குழந்தை இருக்கிறது, வரிசை கிரிசை எல்லாம் வேண்டாம், ஆண்டவர் உங்களுக்காக வைத்திருக்கிறார் என்று பேசுவார்கள். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில், பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்தெடுக்கலாம் என்று கைப்பேசி எண்ணுடன் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகள் நினைவிருக்கும். முறையை மீறிக் குழந்தையைக் கொடுத்தாலும் பெற்றாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 80-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். விற்றாலோ வாங்கினாலோ 81-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை கடுங்காவல், கூடவே 1 லட்சம் அபராதம். காணிக்கை, தசமபாகம், அன்னதான நிதி, ஜகாத், எந்தப் பெயரில் கொடுத்தாலும் குழந்தைக்காகக் கொடுத்த பணம் விலைதான். தண்டனையைவிடப் பயங்கரம் இன்னொன்று: 3 வயதில் உங்களை அம்மா என்று கூப்பிடும் குழந்தையை ஒருநாள் அதிகாரிகள் வந்து கூட்டிப் போய்விடுவார்கள். பெற்றவள் தேடி வந்தால் அவள் பக்கம்தான் நியாயமும் இருக்கும்.

8. குழந்தையைக் காட்டிய பிறகு 48 மணி நேரம்

புகைப்படம், குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றும் உங்கள் கணக்கில் வரும். 48 மணி நேரத்துக்குள் ஏற்பதாகப் பதிய வேண்டும். தவறினால் வாய்ப்பு போய்விடும், அதனால் கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தியைத் தினமும் பாருங்கள். மருத்துவ அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் காட்டலாம். நல்ல நாள் பார்க்கிறேன், அஷ்டமி கழியட்டும் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

அப்புறம் நேரில் போய்ப் பாருங்கள். போனபோது குழந்தைகள் நலக் குழுவின் அறிவிப்பு நகலைக் கேட்டுப் படித்தேன். பெற்றவள் பெயரோ ஊரோ தேடாதீர்கள், அதை மறைத்து வைப்பது அவளுக்கான பாதுகாப்பு. முறைப்படி நடந்ததா என்பதை மட்டும் பாருங்கள்.

9. செலவு

வீட்டாய்வுக்கு 6,000 ரூபாய், குழந்தை பராமரிப்பு நிதியாக நிறுவனத்துக்கு 50,000 ரூபாய். பின்தொடர்ந்து பார்க்க வரும்போது அதற்கென்று ஒரு சிறு கட்டணம். கட்டும் நாளில் இணையதளத்தில் உள்ள கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். இதற்கு மேல் நன்கொடை கேட்டால் கொடுக்க வேண்டாம். எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், பேச்சு நின்றுவிடும். இல்லத்துக்கு உதவ ஆசை இருந்தால் ஆணை எல்லாம் கைக்கு வந்து சில ஆண்டுகள் போகட்டும்.

10. ஆணையும் பிறப்புச் சான்றும்

ஏற்ற பிறகு, ஆணை வரும்வரை வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் குழந்தையை உங்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள். நிறுவனம் விண்ணப்பம் போடும். 2022 செப்டம்பரிலிருந்து ஆணை தருவது நீதிமன்றம் இல்லை, மாவட்ட ஆட்சியர். 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலானது, நானே வாரம் ஒருமுறை போய் விசாரித்தேன். ஆணை வந்ததும் உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். ஞானஸ்நானச் சான்று, கோயில் பெயர்சூட்டு ரசீது எதுவும் பள்ளியிலோ பாஸ்போர்ட்டிலோ இதற்கு ஈடாகாது. அடுத்த 2 ஆண்டுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

என் மகள் வந்தபோது 5 வயது. முதல் நாள் தட்டில் சோறு வைத்ததும் கண்ணை மூடிக் கைகூப்பி ஜெபம் சொன்னாள், சிலுவை போட்டாள், பிறகுதான் கை வைத்தாள். நாங்கள் சைவக் குடும்பம். மாமியார் முகம் மாறியது. ஐயரைக் கூப்பிட்டு ஏதாவது செய்து, பெயரையும் மாற்றிவிடலாம் என்றார். அவள் கையில் இருந்ததெல்லாம் ஒரு துணிப்பை, இரண்டு கவுன், அந்த ஜெபம், அந்தப் பெயர். நான் எதையும் மாற்ற விடவில்லை. குழந்தை எந்த மதச் சூழலில், எந்த மொழியில் வளர்ந்ததோ அந்தத் தொடர்ச்சியை மதிக்க வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. அது எனக்குப் பின்னால்தான் தெரியும். மூன்று மாதத்தில் அவளே மாமியாரோடு உட்கார்ந்து விளக்கேற்றினாள், ஜெபத்தையும் விடவில்லை. இரண்டும் நடக்கிறது.

விவரம் தெரிந்த குழந்தையின் பெயரை மாற்றாதீர்கள். வந்த வாரமே மொட்டை, ஞானஸ்நானம், சடங்கு என்று எதுவும் வைக்காதீர்கள், முதலில் தூங்கட்டும். நன்றி சொல்லும் கூட்டத்தில் மேடையேற்றி சாட்சி சொல்ல வைப்பது, கோயில் விழா ஃபிளெக்ஸில் தத்தெடுத்த பிள்ளை என்று படம் போடுவது, பழைய இல்லம் நன்கொடைத் துண்டறிக்கைக்குப் படம் கேட்பது, மூன்றுக்கும் மாட்டேன் என்று சொல்லுங்கள். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தில் 74-ஆம் பிரிவே இருக்கிறது. தத்தெடுத்த விஷயத்தை அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், சிறு வயதிலேயே.

குழு அறிவிப்பு, ஆய்வறிக்கை, ஆட்சியர் ஆணை, ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, இரண்டு நகல் எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். 18 வயதுக்குப் பிறகு தன் வேரைத் தேட அவள் விரும்பினால் அதற்கு விதிகளில் இடம் இருக்கிறது, அப்போது இந்தத் தாள்கள்தான் வேண்டும். எங்கள் கோப்பில் அந்தத் துணிப்பையும் இருக்கிறது.